ஒரே நாளில் ஒரு பல்லுறை

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் மாத்திரமா? முறுக்கும் போச்சு, சீடையும் போச்சு! ஆனால் பல் அடியோடு போய்விடாமல், மேற்பகுதி சொத்தையால் இடிந்து, வேர் மாத்திரம் உறுதியாய் நிற்பதும் உண்டு. அப்படிப்பட்ட பல்லின்மேல் ஓர் உறையை மாட்டிக் காப்பாற்றுகிறார்கள். ஜனங்கள் அதைக் 'கேப்' என்கிறார்கள்.

பழைய முறையில் இது பொறுமையைச் சோதிக்கும் காரியம். வைத்தியர் பல்லைச் சுற்றிலும் அராவுவார். வாயில் பசையை வைத்து அச்செடுப்பார். அச்சு வேறொரு தொழிற்கூடத்துக்குப் போகும். உறை தயாராகித் திரும்பப் பல நாட்கள் ஆகும். அதுவரையில் தற்காலிக உறையுடன், அந்தப் பக்கம் அழுத்தி மெல்லாமல் காலந்தள்ள வேண்டும்.

இந்தக் காத்திருப்பை ஒழிக்க வழி கண்டவர்கள் ஸ்விட்ஸர்லாந்தில் ஜூரிச் நகரத்தில் இருவர்: பல் வைத்தியர் வெர்னர் மோர்மன், எஞ்சினீயர் மார்க்கோ பிராண்டெஸ்டினி. 1985-ஆம் ஆண்டில் அவர்களுடைய 'ஸெரெக்' யந்திரம், நோயாளி காத்திருக்கும்போதே, பல்லின் குழியில் பொருந்தும் பீங்கான் துண்டைச் செதுக்கிக் கொடுத்தது. முழு உறை செய்யும் திறமை பின்னால் வந்த யந்திரங்களுக்கு வாய்த்தது.

இன்று நடப்பது இதுதான். காமிராக் கோலொன்று வாய்க்குள் சென்று, அராவிய பல்லையும், அண்டைப் பற்களையும், எதிர்வரிசையையும் ஒளியால் அளக்கிறது. கம்ப்யூட்டர் அவற்றை இணைத்துத் திரையில் ஒரு பல்வரிசையைக் காட்டி, "இந்த இடத்துக்கு இப்படிப்பட்ட உறை பொருந்தும்" என்று ஓர் உருவத்தைப் பிரேரேபிக்கிறது. வைத்தியர் அதைத் திருத்தி அனுப்பியதும், வைரத்தூள் பதித்த சிறு உளிகள், தண்ணீர் பீச்சியடிக்கச் சுழன்று, பீங்கான் கட்டியைக் கடைந்தெடுக்கின்றன. பத்துப் பதினைந்து நிமிஷங்களில் உறை வந்துவிடுகிறது.

லிதியம் டைசிலிகேட் என்ற பீங்கானின் விந்தையைக் கேளுங்கள். கடையும்போது அது கத்தரிப்பூ நிறமாக இருக்கும்; கெட்டிப்படாத நிலை அது. பிறகு சூளையில் ஏறக்குறைய 840 டிகிரி உஷ்ணத்தில் வேகும்போது பல்லின் நிறத்தையும் முழு வலிமையையும் பெறுகிறது. ஸிர்க்கோனியாவோ வேகும்போது சுமார் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். ஆகவே அதை முதலிலேயே பெரிதாகக் கடைகிறார்கள். எல்லாம் கணக்கு!

நிற்க. காமிரா, ஒளி படும் இடத்தைத்தான் காணும். ஈறுக்கடியில் மறைந்த விளிம்பும், இரத்தமும் எச்சிலும் மூடிய இடமும் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். விளிம்பில் இடுக்கு விட்டால் உறைக்குள்ளேயே மீண்டும் சொத்தை புகும். ஈறை விலக்கி, ஈரத்தைத் துடைத்து, விளிம்பைக் காட்ட வேண்டியது வைத்தியரின் கை. கடைசியில் மைக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, எங்கே உயரம் மிகுந்தது என்று பார்ப்பதும் அவரே.

ஆகவே, "ஒரே நாளில் ஆகுமா?" என்ற கேள்வி இரண்டாவதாக இருக்கட்டும். "உறை அவசியந்தானா, அடைத்தால் போதாதா?" என்பதே முதற் கேள்வி. பீங்கான் உறை பிசகினால் யந்திரம் இன்னொன்றைக் கடைந்து கொடுக்கும். அராவிய எனாமலோ ஒருநாளும் மறுபடி வளராது. செய்வதில் அவசரம் நல்லதே. வெட்டுவதில் நிதானம் வேண்டும்.