பனியனை நனைத்து எடை போடுங்கள்

சென்னையில் ஜனவரி மாத மாரத்தானுக்குப் பதிவு செய்தவர் கையில் எண் அட்டையோடு ஒரு டி-ஷர்ட்டும் வந்துவிடும். முதன்முறை ஓடுபவர்கள் பலர் பந்தயத்தன்று விடியலில் அதையே மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். அரைக்கை, ஏறிய கழுத்து, முன்னும் பின்னும் விளம்பரதாரர் பெயர்கள். கெட்டியாக அச்சடித்த இடத்தில் காற்று நுழையாது, ஈரமும் வெளியேறாது. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள நல்ல சட்டைதான். 42 கிலோமீட்டர் ஓடுவதற்கு அல்ல.

அதற்கு வேண்டியது கையில்லாத, லேசான சிங்லெட். ஆனால் கடையில் எல்லோரும் தூக்கிப் பார்ப்பது காய்ந்த எடையை. கணக்குக்கு வருவது நனைந்த எடை.

ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் உடம்பிலிருந்து சுமார் 580 கிலோகலோரி வெப்பம் போகும். சொட்டிக் கீழே விழுந்தால் ஒன்றும் போகாது. கடலோரப் புழுக்கத்தில் ஆவியாவதே பெரும்பாடு. இதில் தொப்பலாக நனைந்த துணி வேறு மேலே ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? பருத்தி, சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீத ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். பாலியெஸ்டரில் அரை சதவீதம்கூட இராது. அதற்காக பாலியெஸ்டர் என்று எழுதியதையெல்லாம் நம்பிவிடக் கூடாது. நெருக்கிப் பின்னிய துணி இழைகளுக்கு நடுவே தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். நனைத்து, பிழிந்து, சமையலறைத் தராசில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது தையல். உள்பக்கம் திருப்பி அக்குளோரம் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓவர்லாக் தையலில் விளிம்பு மேடாக நிற்கும். பிளாட்லாக் தட்டையாகப் படிந்திருக்கும். ஐந்தாவது கிலோமீட்டரில் தெரியாத அந்த மேடு, முப்பதாவதில் வியர்வை உப்போடு சேர்ந்து தோலை அறுக்கும். ஆண்களுக்கு மார்புக் காம்பில் ரத்தம் கசிவதும் துணி உரசுவதால்தான். வாசலினோ பிளாஸ்திரியோ போடாமல் புறப்படக் கூடாது. வெள்ளை வாங்குபவர்களுக்கு ஒரு தகவல்: உடை நனைந்தாலும் உள்ளே தெரியக் கூடாது என்பது உலகத் தடகள அமைப்பின் விதி.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் கேத்தி ஃப்ரீமேன் தலையையும் மூடிய உடையில் 400 மீட்டர் தங்கம் வென்றாரே என்று சிலர் கேட்பார்கள். அவர் ஓடியது 49.11 விநாடி. நாலு மணி நேரம் ஓடுபவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

பந்தய அமைப்பாளர்களும் யோசிக்கலாம். டி-ஷர்ட்டா, சிங்லெட்டா என்று பதிவின்போதே கேட்டுவிட்டால் போயிற்று. கையில்லாததால் துணி மிச்சம். தைத்துத் தர திருப்பூர் இருக்கிறது. விளம்பரதாரர் பெயரைக் கொஞ்சம் சின்னதாக அச்சடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.