பெரியம்மாவின் பெயரில் என்ன இருக்கு?

“இந்த வயசில என்னத்துக்கு டிவோர்ஸ்? பேரப்பிள்ளையும் பிறக்கப்போகுது.” எங்கள் நண்பி ஒருத்தியின் பெரியம்மா 56 வயதில் கணவரை விட்டு விலகப்போகிறேன் என்று சொன்னபோது சொந்தக்காரர் எல்லாரும் இதைத்தான் கேட்டார்கள். “உன்ர பெயரில என்ன இருக்கு?” என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

விடுதி அறையில் இருந்து நாங்கள் நாலு பேரும் அதைத்தான் கணக்குப் பார்த்தோம். வடமராட்சியில் ஒரு சீதன வீடு, உறுதி அவவின் பெயரில். கொஞ்ச நகை, அதிலும் பாதி அடைவில். மாதச் சீட்டு ஒன்று. கலியாணத்துக்குப் பிறகு வாங்கின கடையும் காணியும் பெரியப்பாவின் பெயரில். 30 வருடம் சமைத்ததுக்கும் மாமியைப் பார்த்ததுக்கும் உறுதி எழுதுவதில்லைத்தானே.

“வீடு இருக்கு, பயமில்லை” என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் சொந்த வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பிரிந்து வாழ்ந்தாலும் விவாகரத்து முடியும்வரை அவரின் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி எடுக்க வேண்டும். யாரை விட்டு விலகிறாவோ, அவரிட்டயே போய் நிற்க வேணும்.

“தேடியதேட்டத்தில பாதி மனுசிக்குத்தானே” என்று ஊரில் சொல்வார்கள். 1947ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பாருங்கள். ஒருவர் இறக்கும்போது, உயில் எழுதாமலும் விற்காமலும் விட்டுப்போன தேடியதேட்டத்தில்தான் மற்றவருக்குப் பாதி. விதவையாகப்போகும் பெண்ணை யோசித்த சட்டம், விலகப்போகும் பெண்ணை யோசிக்கவில்லை.

தாபரிப்புக்கு வழி இருக்கு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி, வசதியிருந்தும் கணவர் பராமரிக்காவிட்டால், தன்னைத்தானே பராமரிக்க முடியாத மனைவி நீதவான் நீதிமன்றம் போகலாம். விவாகரத்து ஆகியிருக்கத் தேவையில்லை. ஆனால் இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால் அந்தக் கட்டளை கிடைக்காது. “சண்டை வேண்டாம், பேசிப் பிரிவம்” என்று நல்ல மனதோடு சொல்கிற பெண்தான் இதில் மாட்டுப்படுகிறா.

வேலைக்குப் போன அம்மாக்களுக்கு ஈ.பி.எஃப் இருக்கும், பெண்கள் அதை 50 வயதில் எடுக்கலாம். ஆனால் கலியாணத்துக்காக வேலையை விட்டபோதே அதை எடுத்துக் குடும்பத்துக்குச் செலவழித்தவர்கள் எத்தனை பேர்? உங்கள் அம்மாவிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

“பெத்த தாயைப் பிரியச் சொல்லிக் குடுக்கிறியளோ?” என்று எங்களையும் கேட்டார்கள். இல்லை. இருக்கிறதும் போறதும் அவவின் முடிவு. கையில் காசில்லாததால் இருப்பதை முடிவு என்று எப்படிச் சொல்வது?

படிவங்களை நிரப்பத் தெரிந்த தலைமுறை நாங்கள்தான். ஆகவே அம்மாவோடு ஒரு பின்னேரம் இருப்போம். உறுதி எங்கே, யார் பெயரில் என்று பார்ப்போம். அவவின் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்குத் திறப்போம். வீட்டைப் பிள்ளைக்கு நன்கொடையாக எழுதச் சொல்லி ஆரும் அவசரப்படுத்தினால், குறைந்தது சீவிய உருத்தையாவது வைத்துக்கொண்டு எழுதச் சொல்வோம். அந்தப் பிள்ளை நாங்களாக இருந்தாலும்தான். எதிலும் கையெழுத்து வைக்க முதல், வீட்டை விட்டு வெளிக்கிட முதல், சட்டத்தரணியிடம் கேட்கட்டும். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு.

பெரியம்மா இன்னும் முடிவெடுக்கவில்லை. போன மாதம் தன் பெயரில் ஒரு சேமிப்புப் புத்தகம் திறந்திருக்கிறா. அதை அலுமாரியில் ஒளித்து வைக்கவில்லையாம், மேசையிலேயே வைத்திருக்கிறாவாம்.