மரம் நிற்கட்டும், வீடும் எழட்டும்!

மதுரை நகரம் நாலு திசையிலும் வளர்ந்து வருகிறது. வைகையின் வடகரையிலுள்ள பரவையும் அதற்கு விலக்கல்ல. வயலும் தோப்பும் இருந்த இடங்களில் மனைக் கற்கள் முளைக்கின்றன.

மனை வாங்கியவர் முதலில் செய்கிற வேலை என்ன? நிற்கிற மரத்தை வேரோடு சாய்ப்பது! பிறகு சித்திரை வெயில் வருகிறது. சுவர் கொதிக்கிறது. குளிர்சாதன எந்திரம் வாங்கக் கடன் தேடுகிறார்கள்.

மரத்தையும் வைத்துக்கொண்டு வீடு கட்ட முடியாதா? முடியும். செய்து காட்டியவர் இருக்கிறார்.

வக்கீலின் தோட்டம்

அவர் பெயர் ஜெப்ரி பாவா. 1919-ல் கொழும்பில் பிறந்தவர். முதலில் வக்கீலாக இருந்தார். 1948-ல் பெந்தோட்டை அருகே ஏரிக்கரையில் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தை வாங்கினார். அதற்கு லுனுகங்கா என்று பெயர். "உப்பாறு" என்று பொருள்.

தோட்டத்தில் ஒரு பழைய வீடு இருந்தது. அதை இடித்துத் தள்ளவில்லை, திருத்திக் கட்டினார். ஆனால் நினைத்தபடி கட்டுவதற்குத் தொழில் தெரியவில்லை. அதற்காகவே லண்டனுக்குப் போய்ப் படித்தார். கட்டிடக் கலைஞராகத் தேறியது 1957-ல். அப்போது வயது 38! 1982-ல் திறக்கப்பட்ட இலங்கை நாடாளுமன்றக் கட்டிடம் அவர் வரைந்ததுதான்.

லுனுகங்காவில் அவர் மரமே வெட்டவில்லை என்பதல்ல. ஏரி தெரிய வேண்டிய பக்கம் சிலவற்றை எடுத்தார். நிழல் வேண்டிய பக்கம் புதிதாக நட்டார். கோயில்களில் நாம் பார்க்கும் ஈழத்தலரி மரம் ஒன்று வீட்டின் அருகே நின்றது. அதன் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, குடைபோலத் தாழ்ந்து படரச் செய்தார். இப்படி ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பாடுபட்டார். 2003-ல் காலமானார். இன்றும் உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து அந்தத் தோட்டத்தைப் பார்க்கிறார்கள்.

கோச்சடையில் ஒரு சாட்சி

அதைப் பார்க்க இலங்கைக்குத்தான் போக வேண்டுமா? வேண்டாம். பரவைக்கு எதிரே, வைகையின் தென்கரையில் கோச்சடை இருக்கிறது. அங்கே 1970-களின் தொடக்கத்தில், மதுரா கோட்ஸ் மில் அதிகாரிகளுக்காகப் பாவா ஒரு கிளப் கட்டினார். உள்ளூர்க் கல்லைப் பயன்படுத்தினார். ஆலமரங்கள் சூழ அது நிற்கிறது. இப்போது ஓட்டலாக நடக்கிறது. மதுரை வெயிலுக்கு மதுரை மண்ணிலேயே விடை இருக்கிறது!

மூன்று சென்ட்டில் முடியுமா?

"அவருக்கு ஏக்கர் கணக்கில் நிலம். நமக்கு மூன்று சென்ட்டுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மூன்று சென்ட்டுக்கு ஒரு மரம் போதும். பிற்பகல் வெயில் தாக்குவது மேற்குச் சுவரை. அந்தப் பக்கம் ஒரு வேம்போ புங்கோ நின்றால், சூடு பாதி வழியிலேயே தடுக்கப்படும்.

மரம் நிழல் மட்டும் தருவதில்லை. வேர் உறிஞ்சும் நீரை இலைகள் ஆவியாக விடுகின்றன. அதனால் சுற்றியுள்ள காற்று குளிர்கிறது. குளிர்சாதன எந்திரமோ அறையின் சூட்டை எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. நம் வீடு குளிர, பக்கத்து வீடு வேக வேண்டியிருக்கிறது.

வேர் அஸ்திவாரத்தைக் கெடுக்கும் என்ற பயமும் உண்டு. ஆலும் அரசும் சுவரோரம் ஆகாதுதான். மற்ற மரங்களுக்கும் தக்க இடைவெளி விட வேண்டும். எனவே வரைபடம் போடும்போதே என்ஜினீயரிடம் மரத்தைக் காட்ட வேண்டும். அறையை இரண்டடி தள்ளிப் போடலாம். வெட்டிய மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

மனை விற்பவர்களுக்கும் கடமை உண்டு. பெரிய மனைப் பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக விட வேண்டும் என்பது விதி. அது முள் மண்டிக் கிடந்தால் யாருக்கு லாபம்? நிற்கிற மரங்களை அங்கே காப்பாற்றலாம். சாலை ஓரங்களில் கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றுவதைப் பேரூராட்சிகள் முதல் வேலையாகக் கொள்ள வேண்டும்.

வீட்டைச் சில மாதங்களில் கட்டிவிடலாம். ஒரு வேம்பு வளர்ந்து நிழல் தரப் பல ஆண்டுகள் வேண்டும். கோடரியை எடுப்பதற்கு முன்னால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்!