கருவிப் பெருக்கமும் மென்பொருளும்

கருவிகள் பெருகப் பெருகத் தொழில் எளிதாகும் என்பது பலருடைய எண்ணம். மென்பொருள் ஆக்கத்தில் இவ்வெண்ணம் ஓரளவே உண்மையாம் என்பது நம் கருத்து.

இன்று ஒரு சிறிய இணையதளத்தை அமைக்கப் புகுவார்க்கும் ஒரு மொழி போதுவதில்லை. பக்கத்தின் அமைப்பிற்கு எச்.டி.எம்.எல்., தோற்றத்திற்குச் சி.எஸ்.எஸ்., இயக்கத்திற்கு ஜாவாஸ்கிரிப்ட், தரவுகளை வினவுதற்கு எஸ்.க்யூ.எல்., பின்னின்று இயங்கும் பகுதிக்குப் பைத்தான் என ஐந்து கூடிவிடுகின்றன. இவற்றின்மேற் பிறர் எழுதிவைத்த நிரல் தொகுதிகளும் பலவாம். ஒவ்வொன்றும் தன்னளவில் நன்றே. ஒன்றோடொன்று கூடுமிடத்திலேயே இடர் விளைகின்றது.

நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்னும் விண்கலம் 1999ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் செவ்வாயை அணுகுகையில் அழிந்தது. தரையிலிருந்த ஒரு நிரல் உந்துதலின் அளவைப் பவுண்டுக் கணக்கில் வழங்க, அதனைப் பெற்ற மற்றொன்று நியூட்டன் கணக்கென்றே கொண்டது. ஆதலாற் கலம் குறித்த உயரத்தினும் மிகத் தாழ்ந்து சென்றது. எவ்வளவையில் வழங்கவேண்டும் என்பது முன்னரே எழுதப்பட்டிருந்தது. போதிய சோதனைதான் நிகழவில்லை.

2016ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிகழ்ந்தது வேறொரு வகை. ஜாவாஸ்கிரிப்ட் தொகுதிகளின் களஞ்சியமாகிய என்.பி.எம்.மிலிருந்து லெஃப்ட்-பேட் என்னும் தொகுதியை அதனை இயற்றியவரே நீக்கினார். அது 11 வரியே உடையது. எழுத்துத் தொடரின் இடப்புறத்தை நிரப்பி நீட்டுதலே அதன் தொழில். ஆயினும், நேரேயும் பிற தொகுதிகளின் வழியாகவும் அதனைச் சார்ந்திருந்த ஆயிரக்கணக்கான மென்பொருட் பணிகள் தடையுற்றன.

ஒரே கருவியோடு அமைதல் வேண்டும் என நாம் கூறவில்லை. எஸ்.க்யூ.எல். எளிதிற் செய்வதைப் பிறிதொன்றால் முயன்று செய்தல் வீண் உழைப்பே. நாம் வேண்டுவன மூன்று. புதிய கருவியைச் சேர்க்குமுன், அஃதின்றி இயலாதது யாது என வினவுதல் ஒன்று. இரு பகுதிகள் கூடுமிடத்திற் கொடுப்பது யாது, கொள்வது யாது என எழுதிவைத்து, அவ்வாறே நடக்கின்றதாவென ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் சோதித்தல் இரண்டு. சேர்த்த ஒவ்வொரு கருவியையும் நன்கறிந்த ஒருவரேனும் குழுவில் இருத்தல் மூன்று.

சேர்த்தல் ஒரு நாழிகைச் செயல். பேணுதலோ பல்லாண்டுத் தொழில். இன்று ஆசையாற் சேர்த்ததன் சுமையைப் பின்வருவோரே சுமப்பர். ஆதலின், கணினி பயிலும் நம் மாணவர் கருவிகளின் பெயர்களை அடுக்குதலையே புலமையெனக் கொள்ளாது, வேண்டாததை விலக்கும் துணிவையும் புலமையென மதிப்பாராக.