கண்டிப்பு பார்க்கிறவருக்குத்தான்

தேவாலயங்களில் உள்ளத்து அழகைப் பற்றிப் பிரசங்கம் நடந்தால், அது பெரும்பாலும் பெண்களை நோக்கியே நடக்கிறது. நகை எதற்கு, பட்டு எதற்கு, கண்ணாடி முன் இத்தனை நேரம் எதற்கு என்று கேட்கப்படும். தலைப்பின்னலையும் பொன் நகையையும் விட அமைதியான உள்ளமே மேலான அணிகலன் என்று பேசும் பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரம் ஆதாரமாகக் காட்டப்படும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கத்தோலிக்கர், லுத்தரன், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என எல்லாச் சபையாரும் இதைக் கேட்டே வளர்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் ஞானஸ்நானத்தோடு காதும் கழுத்தும் வெறுமையாகிவிடுகின்றன. ஆனால் இதே சபையாரின் வீடுகளிலும், பெண் பார்க்கும் பேச்சு தொடங்கினால், மற்ற வீடுகளைப் போலவே, "பொண்ணு நல்ல கலரா?" என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. கேட்டதை மக்கள் கடைப்பிடிக்கவில்லை என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. போதனையே ஆள் மாற்றிச் சொல்லப்படுகிறது என்பது என் எண்ணம். அழகு விஷயத்தில் வேதாகமம் தரும் கண்டிப்பு பார்க்கப்படுகிறவருக்கு உரியதல்ல. முதலில் அது பார்க்கிறவருக்கு உரியது.

சாமுவேலின் முதல் புத்தகம் பதினாறாம் அதிகாரம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. இஸ்ரவேலுக்குப் புதிய அரசனை அபிஷேகம் செய்ய எண்ணெய்க் கொம்போடு சாமுவேல் பெத்லகேமில் ஈசாயின் குடும்பத்தாரிடம் போகிறார். மூத்த மகன் எலியாப் வந்து நிற்கிறான். நல்ல உயரம், எடுப்பான தோற்றம். இவன்தான் என்று சாமுவேல் மனதுக்குள் முடிவு கட்டிவிடுகிறார். உருவத்தை வைத்து எடைபோடாதே, என் பார்வை உள்ளத்தில் படுகிறது என்ற கருத்தில் கடவுளின் கண்டிப்பு வருகிறது. அது எலியாபுக்கு வரவில்லை. அவன் அழகாக இருந்தது குற்றமே இல்லை. கண்டிக்கப்பட்டவர், நாட்டிலேயே ஞானக்கண் உள்ளவர் என்று பெயர் வாங்கிய முதிய தீர்க்கதரிசி. அதே அதிகாரத்தில் சற்றுத் தள்ளி, ஆடு மேய்த்த இடத்திலிருந்து அழைத்து வரப்பட்ட கடைசி மகன் தாவீதும் பார்க்க அழகானவன் என்று எழுதியிருக்கிறது. உன்னதப்பாட்டு காதலரின் உடலழகைக் கொண்டாடும் நூல். ஆகவே வேதாகமத்துக்கு உடலழகின் மேல் பகை இல்லை. அதை வைத்து மனிதரைத் தீர்மானிக்கும் கண்ணோடுதான் அதற்கு வழக்கு. நற்செய்தி நூல்கள் நான்கிலும் இயேசுவின் உயரம், நிறம், முகச்சாயல் பற்றி ஒரு குறிப்பும் கிடையாது. கிறிஸ்தவர்கள் இயேசுவைப் பற்றியதாக வாசிக்கும் ஏசாயா 53-ஆம் அதிகாரமோ, பார்க்கிறவரைக் கவரும் அழகு அவருக்கு இருக்காது என்றே பேசுகிறது. நம் வீட்டுக் காலண்டர்களில் இருக்கும் வெள்ளை முகம் ஐரோப்பிய ஓவியர்கள் தந்தது.

காவிரி டெல்டாவில் நிறம் என்பது நிறத்தோடு நிற்பதில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு தொடங்கினால், சேற்றில் குனிந்து நாற்று முடியைக் கையில் பிடித்தபடி வரிசையாகப் பின்னோக்கி நகர்கிறவர்கள் பெண்கள். வெயில் முழுவதும் முதுகிலும் பிடரியிலும் விழும். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்து, இரவில் மஞ்சள் குழைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் வயலில் இறங்குவார்கள். அந்த வெயிலில் நிற்கத் தேவையில்லாத குடும்பம் எது என்பதற்கு வெளிறிய தோல் தலைமுறை தலைமுறையாக அடையாளமாக இருந்தது. "சிவப்பான பெண் வேண்டும்" என்ற பேச்சுக்குள் நிலமும் சாதியும் கூலி வேலையின் மேல் உள்ள இளக்காரமும் சேர்ந்தே இருக்கின்றன. 1975-ல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி களிம்பு இந்த ஏக்கத்தைப் பெரிய வியாபாரமாக்கியது. 2009-ல் சென்னையில் விமன் ஆஃப் வொர்த் என்ற அமைப்பு, கறுப்பும் அழகுதான் என்ற இயக்கத்தைத் தொடங்கியது. நிறத்தைக் காட்டி யாரையும் தாழ்த்தக் கூடாது என்று 2014-ல் விளம்பரத் துறையின் தர அமைப்பு விதி வகுத்தது. 2020-ல் அந்தக் களிம்பின் பெயரும் மாறியது. பெயர் மாறியதே தவிர, பெண் பார்க்கப் போகிற கண் மாறவில்லை. பாதரசம் கலந்த களிம்புகளைப் பூசி 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிலருக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது. அந்தக் களிம்புகளை அவர்கள் கையில் கொடுத்ததில் மற்றவர்களின் பார்வைக்கும் பங்கு உண்டு.

சபைகள் இதில் தங்கள் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1833-ல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று ஆணை பிறப்பித்தபோது, தஞ்சாவூர்ச் சபையில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களில் ஒருவர், மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் வளர்த்து ஆளாக்கிய வேதநாயகம் சாஸ்திரியார். பெத்லகேம் குறவஞ்சி எழுதிய மகாகவி அவர். தேவமோகினி என்ற தலைவியைப் படைத்து, அழகின் மொழியிலேயே பக்தியைச் சொன்னவர். அவர் பாட்டுகள் இன்றும் நம் ஆலயங்களை நிறைக்கின்றன, நிறைக்கட்டும். ஆனால் கடவுள் உள்ளத்தைப் பார்க்கிறார் என்று பாடிய சபை, பக்கத்தில் யார் உட்காருவது என்பதைப் பிறப்பை வைத்தே பார்த்தது. நிறத்தைப் பார்க்கிற கண்ணும் சாதியைப் பார்க்கிற கண்ணும் ஒன்றுதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உள்ளத்து அழகு என்பதெல்லாம் ஆறுதல் வார்த்தை, முகத்தை வைத்துத்தான் வேலையும் வாழ்க்கையும் அமைகின்றன என்பார்கள். அது உண்மைதான். அந்த உண்மையை டாக்டர் பால் பிராண்டை விட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. 1914-ல் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்து, கொல்லிமலையில் சிறுவயதைக் கழித்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர் அவர். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களுக்கு, வேறு தசைநாண்களை மாற்றிப் பொருத்தி மீண்டும் அசைவு கொடுத்தார். கை சரியானவர்கள் வேலை தேடிப் போனார்கள். ஆனால் மூக்குத் தண்டு அமிழ்ந்து, புருவம் உதிர்ந்த முகத்தைப் பார்த்து ஊர் அவர்களை ஒதுக்கியது. எனவே பிராண்டும் உடனிருந்தவர்களும் மூக்கை நிமிர்த்தினார்கள். தலைத்தோலில் ஒரு கீற்றை முடியோடு இறக்கிப் புருவமாகப் பொருத்தினார்கள். தலைமுடி ஆகையால் அது வளர்ந்துகொண்டே போகும். அவ்வப்போது கத்தரித்துக்கொள்ள வேண்டும். புருவத்தால் கண் கூடுதலாகத் தெரியப்போவதில்லை. அது முகத்துக்கான சிகிச்சை. உள்ளத்தை நம்பிய கிறிஸ்தவ மருத்துவர்களே அந்த முகத்தைச் செய்தார்கள். பார்க்கிறவர் கண் திருந்தும்வரை நோயாளியைக் காத்திருக்கச் சொல்வது கொடுமை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உள்ளத்து அழகை நம்புகிறவருக்கு உடலைக் கவனிக்கும் கடமை குறைவதில்லை, கூடுகிறது.

நகையும் உடையும் பற்றி இன்னொரு மறுப்பு. திருவிதாங்கூரில் தோள்சீலை அணியும் உரிமைக்காக நாடார் கிறிஸ்தவப் பெண்கள் பல்லாண்டு போராடினார்கள். 1859-ல்தான் அரசின் அனுமதி கிடைத்தது. நன்றாக உடுத்துவதே மறுக்கப்பட்டவர்களிடம் எளிமையைப் போதிப்பது, பழைய தடையை வேறு பெயரில் விதிப்பதாகிவிடும். பேதுருவின் நிருபத்தை வாசிக்கிறவர்கள் இதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். வேளாங்கண்ணி மாதாவுக்குப் பட்டும் கிரீடமும் சாத்துகிறோமே, அது முரண் இல்லையா என்றும் கேட்கலாம். முரண் இல்லை. அங்கே அலங்காரம் அன்பின் காணிக்கை. யாரையும் தரம் பிரிக்க அது பயன்படுவதில்லை. அங்கே வழங்கும் கதையில் மாதா தேடி வந்து நின்றது, கால் முடங்கிய மோர் விற்கும் சிறுவனிடம். அதே ஊரில் பெண்கள் தங்கள் கூந்தலையே மழித்துக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு கூச்சமில்லாமல் கடற்கரையில் நடக்கிறார்கள். அவர்களை யாரும் அங்கே அழகு குறைந்தவர்களாகப் பார்ப்பதில்லை.

கண் மாற முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் திருவிழாவோடு அது நின்றுவிடக் கூடாது. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை, 1869-ல் பெண்மதி மாலை எழுதிப் பெண்கல்விக்காக வாதாடினார். 1879-ல் வந்த அவருடைய பிரதாப முதலியார் சரித்திரத்தில், ஆண் வேடத்தில் நாடாளும் ஞானாம்பாள் தன் அறிவால் ஜெயிக்கிறாள். ஒரு பெண்ணின் உள்ளத்தை மதிக்கிறோம் என்றால் அவளைப் படிக்கவைக்க வேண்டும், அவள் தீர்ப்புக்குக் காது கொடுக்க வேண்டும் என்று அவர் புரிந்துவைத்திருந்தார். இன்றைய சபைகள் செய்யக்கூடியதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கிறிஸ்தவ இதழ்கள் வெளியிடும் திருமண விளம்பரங்களில் நிறத்தையும் சாதியையும் ஏற்பதில்லை என்று முடிவெடுக்கலாம். திருமணத்துக்கு முந்தைய பயிற்சி வகுப்புகளில், மாப்பிள்ளை வீட்டாரையும் உட்காரவைத்து சாமுவேலின் கதையை அவர்களுக்கே சொல்லலாம். புகைப்படத்தைக் கேட்டு வாங்கி நிறத்தைப் பார்த்துக்கொள்வார்களே என்பார்கள். பார்க்கத்தான் செய்வார்கள். ஆனால் தன் சபை அந்தக் கேள்வியை ஏற்கவில்லை என்று தெரிந்த பெண், "கலர் கொஞ்சம் கம்மி" என்று யாராவது சொல்லும்போது குனிந்து நிற்க வேண்டியதில்லை. வந்தவர்களை எழுந்து போகச் சொல்ல அவள் பெற்றோருக்கும் தைரியம் வரும்.