கடலுக்கே திரும்பும் உவர்நீர்: பயன்பாட்டுக்குத் தடை விலையும் நிலமும்

சென்னைக்கு நீர் வழங்கும் மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் மொத்தத் திறன் நாளொன்றுக்கு 35 கோடி லிட்டர். பேரூரில் அமைந்துவரும் நிலையம் மேலும் 40 கோடி லிட்டரைச் சேர்க்கும். குடிநீர் பெருகப் பெருக, அதைப் பிரித்தபின் எஞ்சும் அடர் உவர்நீரும் பெருகுகிறது.

எதிர் சவ்வூடு பரவல் முறையில் 10 கோடி லிட்டர் குடிநீர் பெற்றால், 12 கோடி லிட்டருக்கும் அதிகமான உவர்நீர் எஞ்சும். அதன் உப்புச்செறிவு கடல்நீரைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. எடை மிகுந்த இந்நீர் கடலடியில் தங்கினால் அங்குள்ள உயிரினங்கள் பாதிக்கப்படக்கூடும். கரையோர மீனவர்களின் அச்சமும் அதுவே. உலகெங்கும் நாள்தோறும் 14.2 கோடி கன மீட்டர் உவர்நீர் வெளியேறுவதாக 2019-இல் வெளியான ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வு மதிப்பிட்டது.

இதிலிருந்து உப்பு எடுக்கலாமே என்ற கேள்வி இயல்பானது. தொழில்நுட்பம் பழையதுதான், இடறுவது கணக்கில். மேற்சொன்ன 12 கோடி லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள் நாளொன்றுக்கு 7,000 டன்னைத் தாண்டும். சாதாரண உப்பு மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டன். நாட்டின் ஆண்டு உற்பத்தியே ஏறத்தாழ 3 கோடி டன்தான். இத்தகைய சில நிலையங்களின் உப்பு சந்தைக்கு வந்தால் விலை சரியும். முதலில் அடிபடுவோர் உப்பளத் தொழிலாளர்கள். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாதல் எனக் கொண்டாலும், அவ்வளவு நீரை வெயிலில் காய்ச்ச ஏறத்தாழ 6,000 ஏக்கர் வேண்டும். சென்னையை ஒட்டிய கடற்கரையில் அது நடவாத காரியம்.

எனவே அளவில் சிறுத்து மதிப்பில் உயர்ந்த பொருள்களே உண்மையான வாய்ப்பு. பொட்டாஷ் உரத்துக்கு இந்தியா இறக்குமதியையே நம்பியுள்ளது. உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரிலிருந்து பொட்டாஷ் எடுக்கும் முறையை, பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியுள்ளது. ஆனால் உப்பை முதலில் பிரித்தாக வேண்டும் என்பதால் நிலச் சிக்கல் மீண்டும் எழுகிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2019-இல் முன்வைத்த வழி வேறு: உவர்நீரின் ஒரு பகுதியை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடா தயாரித்து, உள்ளே வரும் கடல்நீரைப் பதப்படுத்த அதே நிலையத்திலேயே பயன்படுத்துவது. இதற்குச் சந்தையும் வேண்டாம், போக்குவரத்தும் வேண்டாம், மின்கட்டணம்தான் கேள்வி. கழிவின் பெரும்பகுதியை இது குறைக்காது என்பதும் உண்மை.

உப்பளங்களும் வேதித் தொழிற்சாலைகளும் அருகருகே உள்ள குஜராத், தூத்துக்குடி கரைகளில் கணக்கு மாறக்கூடும். பாதி நீர் ஏற்கெனவே நீங்கிய உவர்நீர் பாத்திக்கு வந்தால், அதே அளவு உப்புக்கு ஆவியாக வேண்டிய நீர் பாதியாகும். சுத்திகரிப்பில் சேரும் வேதிப்பொருள்கள் உண்ணும் உப்பில் கலக்காமல் தடுப்பது அங்கும் முன்நிபந்தனை.