தங்கை சொன்ன ஆறு வீதம்



கீரிமலைக்குக் கிட்ட இருக்கும் எங்கள் வீட்டைத் திருத்தி, முன்னறைகள் இரண்டையும் வெளியாட்களுக்கு விடத் தொடங்கினேன் என்று முன்பு எழுதியிருந்தேன். அந்தியேட்டிக்கும் ஆடி அமாவாசைக்கும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இரண்டு மூன்று நாள் தங்க இடம் தேடுவார்கள். ஒரு இரவுக்கு 5,000 ரூபாய்.

ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கையும் வீட்டின் கீழ்த்தளத்தை அப்படித்தான் விடுகிறாள். 2024இல் நான் தொடங்கியபோது, "அக்கா, வரியையும் சேர்த்து வாங்குங்கோ. இஞ்ச நாங்கள் ஆறு வீதம் எடுக்கிறனாங்கள்" என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. அந்த நகரில் தங்குமிட வரி என்று ஒன்று உண்டு. 2023 செப்டெம்பரில் அது 4 வீதத்திலிருந்து 6 வீதமானது. தங்குகிறவர் தருவார், வீட்டுக்காரர் வாங்கி நகரசபைக்குக் கட்டுவார். நானும் அதே மாதிரி இரவுக்கு 300 ரூபாய் கூட வாங்கினேன். பதினான்கு இரவுக்கு 4,200 ரூபாய் சேர்ந்தது. அதைத் தனியாக ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் வைத்திருந்தேன்.

ரின்னைக் கொண்டு பிரதேச சபைக்குப் போனால், அங்கிருந்த பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. "அம்மா, இப்படி ஒரு வரி நாங்கள் கேட்கேல்லையே. ஆர் உங்களை வாங்கச் சொன்னது?"

வெட்கமாய்ப் போய்விட்டது. ஆனாலும் அந்தப் பிள்ளை இருத்தி வைத்துச் சொல்லித் தந்தது. இங்கே தங்குகிறவரின் தலையில் வரியில்லை. நடத்துகிறவர் சபையிடம் அனுமதிப்பத்திரம் எடுத்து அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில், வீட்டின் ஆண்டுப் பெறுமதியைப் பார்த்து 500, 750, 1,000 ரூபாய் என்று எழுதப்பட்டது. சுற்றுலா அதிகாரசபையில் பதிந்த தங்குமிடமென்றால் கணக்கு வேறு: முந்திய வருடம் கிடைத்த வரவில் 1 வீதம். வரவு என்றால் இலாபமல்ல, கைக்கு வந்த முழுப் பணம். 2,40,000 ரூபாய் வந்திருந்தால் 2,400 ரூபாய். சோப்பும் மின்சாரமும் போக மிஞ்சியது எவ்வளவு என்று அவர்கள் பார்ப்பதில்லை. நான் பதிந்துவிட்டேன். பணம் கூடத்தான், ஆனால் பதியாமல் ஒளித்து நடத்தி, ஆராவது கேட்டு வந்தால் நெஞ்சு பதறுகிற வாழ்க்கை எங்களுக்குப் போதும்.

சோலைவரி இதிலே சேராது, அது வேறு. வீடு வியாபாரத்துக்குப் போனால் சபை அதை மறுபடி மதிப்பிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு. வருமான வரியை நினைத்துப் பயப்பட வேண்டாம். 2025 ஏப்பிரலிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரையான வருமானத்துக்கு விலக்கு இருக்கிறது. என் இரண்டு அறையும் அதற்குக் கிட்டவும் போகாது. ஆனால் வேறு வருமானம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, திகதி, இரவு, பணம் எழுதி, வருகிறவருக்குப் பற்றுச்சீட்டும் கொடுக்கிறேன். அந்த 4,200 ரூபாயில் இரண்டு குடும்பத்தின் காசை அவர்களுடைய உறவினர் கையில் கொடுத்தேன். மூன்றாவது குடும்பம் வாங்க மாட்டோம், கோயிலில் போடுங்கோ என்றது. போட்டேன். தங்கைக்கு இதைச் சொன்னபோது அவளும் சிரித்தாள். எனக்குத்தான் கோபம்.

அனுமதிப்பத்திரம் என் பெயரில் வந்திருக்கிறது. சோலைவரிப் பதிவேட்டில் இன்னும் என் கணவரின் பெயர்தான். 2009இல் அவர் போனதிலிருந்து நான்தான் கட்டி வருகிறேன். ஆனால் வரி கட்டிய பற்றுச்சீட்டு உறுதி ஆகாதாம். இறப்புச் சான்றிதழோடு காணிப் பதிவகத்துக்குப் போய் வந்தேன். இன்னும் இரண்டு கடதாசி கேட்கிறார்கள். அவை கிடைத்ததும் எழுதுகிறேன்.